முன்னால் ஒட்டிய பாட்டு

ஒருவரைக் காணாமல் போனவர் என்று சொல்வதற்கு முன் கொஞ்சமாவது தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சில மாதங்களுக்கு முன் யூடியூபில் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். ஒரே ஒரு பாட்டில் ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டு அப்புறம் மறைந்துபோன பாடகர்களைப் பற்றியது. நாலாவது ஆளாக எங்கள் சண்முகத்தாய் வந்தார். பால்கோவா கேட்டு அவர் பாடிய கோவாப் பாட்டை அரை நிமிடம் போட்டுவிட்டு, நிகழ்ச்சியை நடத்திய இளைஞர் இரண்டு கையையும் விரித்து, “இந்தக் குரல் எங்கே போச்சு? யாருக்குமே தெரியலை!” என்று சிரித்தார்.

எனக்குத் தெரியும். செட்டியார்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி பத்து நிமிடம் நடந்தால் அவர் வீடு. ரேஷன் கடையில் கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். அந்தத் தம்பி இதைக்கூடச் செய்யவில்லை, ஆனால் சிரிக்க மட்டும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே எங்கள் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் கேட்டார்: “அண்ணே, நீங்கதான அந்தப் பாட்ட ரெக்கார்டிங் பண்ணுனது? அவங்க ஏன் ரெண்டாவது பாட்டே பாடல?” நாலு வரி தட்டினேன், அழித்துவிட்டேன். நாலு வரியில் சொல்லித் தீரும் சங்கதி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் உண்டு.

நான் ராஜபாளையத்தில் ஒரு கேசட் கம்பெனியில் ஒலிப்பதிவாளனாக இருந்தவன். அதற்கு முன்னால் ரேடியோ ரிப்பேர் கடையில் மூன்று வருடம், மைக் செட்டில் இரண்டு வருடம். கற்றுக்கொண்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாருக்கும் ஒரே கதைதான், திட்டும் குட்டும். கம்பெனியை மூடிய பிறகு மேடைக் கச்சேரிகளுக்கு, மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்கார்ந்தேன். இப்போது வலது காது சுமார், இடது காது அதைவிடச் சுமார். வீட்டில் இருக்கிறேன்.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் என்பது ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியின் பின் அறை. சுவர் முழுக்க ஜமுக்காளம் தொங்கும். பாட்டு எடுக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவோம். வெளியே தென்காசி பஸ் ஹாரன் அடித்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததெல்லாம் பெரிய ஸ்பூல் நாடாவில் இருக்கும். அதிலிருந்துதான் கேசட்டுகளுக்குக் காப்பி போடுவோம். பாட்டுகளை வரிசைப்படுத்த நாடாவையே வெட்டி ஒட்ட வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தை, ஸ்பூலை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் உருட்டிக் காதால் கண்டுபிடிப்பேன். மஞ்சள் பென்சிலால் ஒரு புள்ளி. புது பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. நேராக வெட்டினால் ஒட்டு இருக்கும் இடத்தில் ‘டக்’கென்று சத்தம் வரும், சாய்வாக வெட்டினால் வராது. இரண்டு முனையையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, பின்பக்கம் வெள்ளை டேப் ஒட்டி, நகத்தால் தேய்த்துவிடுவேன். என் ஒட்டை யாரும் காதால் கண்டுபிடித்ததில்லை. இந்தப் பெருமை எனக்கு அப்போது நிறைய இருந்தது.

முதலாளியை அண்ணாச்சி என்போம். சங்கீதம் தெரியாதவர், ஆனால் பாட்டு ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவார். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். புதுப் பாட்டை எங்கள் பெரிய ஸ்பீக்கரில் கேட்கவே மாட்டார். ஒரு கேசட்டில் போட்டு எதிர்த்த டீக்கடைக்குக் கொடுத்துவிட்டு, இவர் எங்கள் வாசலில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்துகொள்வார். கடையில் பாட்டு ஓடும். நின்று டீ குடிப்பவர்களின் முகத்தை மட்டும் பார்ப்பார். யாராவது பேச்சை நிறுத்திவிட்டு “யாருப்பா பாடுறது?” என்று கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்து, “காப்பி போடு” என்பார். கேட்காவிட்டால் அந்தப் பாட்டைப் பற்றிய பேச்சே இருக்காது.

அவருக்கு இரண்டு சட்டங்கள். பாடகர் மூச்சு இழுக்கும் சத்தம் நாடாவில் இருக்கக் கூடாது. “கச்சேரி கேக்குற மாதிரி இல்லடே, ஆசுபத்திரியில படுத்திருக்க மாதிரி இருக்கு” என்பார். பாட்டுக்கு முந்தின மூச்சையெல்லாம் வெட்டி எடுத்துவிடுவேன். இன்னொன்று, ஓடிய பாட்டு எப்போதும் முன்னால் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் கடைக்குப் போகிறவர்கள் கேசட்டை அப்படியே வாங்க மாட்டார்கள். “செத்த போட்டுக் காட்டுங்க” என்பார்கள். கடைக்காரர் இரண்டு பக்கமும் அரை அரை நிமிடம் போட்டுக் காட்டுவார். அந்த அரை நிமிடத்தில் அவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. பல கேசட்டுகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

சண்முகத்தாய் நூல் மில்லில் வேலை பார்த்தவர். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுச் சேர்க்கும் வேலை. மில்லின் ஆயுத பூஜையில் பாடியதை யாரோ அண்ணாச்சியிடம் சொல்ல, வரச் சொல்லியிருந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு. என்னை முதலில் பார்த்தபோது நான் நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, “அண்ணே, நீங்களும் எங்க வேலதான் பாக்கீகளா?” என்றார். அன்றிலிருந்து நான் அண்ணன், அவர் எனக்குத் தாயி.

பல பேர் பாடிய ஒரு தொகுப்பில் அவருக்கு ஒரே ஒரு பாட்டு. விளையாட்டுப் பாட்டு.

கோவா வாங்கித் தாரேன்னு கூட்டி வந்த மாமா – வெறும்
தேர மட்டும் காட்டிப்புட்டுத் திருப்பிக் கொண்டு போறியே

டீக்கடையில் போட்ட அன்றைக்கு மூன்று பேர் “யாருப்பா பாடுறது?” என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், இறங்கி வந்து கேட்டார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி, சங்கரன்கோவில், தேனி என்று அந்தப் பாட்டு போகாத மினிபஸ் இல்லை. கல்யாண வீடு, காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க வருகிறவர்கள் கடை வாசலில் நின்று பாடுவார்கள். சண்முகத்தாய் என்ற பேர் போய் கோவாக்காரி என்று ஆனது. “ஏட்டி கோவா!” என்று மில் வாசலில் தெரியாத ஆட்களெல்லாம் கூப்பிட்டார்கள். இன்றைக்கு அதைச் செல்லப் பட்டம் போலப் பேசுகிறார்கள், அன்றைக்கு அவர் கண் கலங்கியதைப் பார்த்தவன் நான்.

இரண்டாவது கேசட் முழுக்க முழுக்க அவருடையது. எட்டுப் பாட்டு. ஏழு மற்றவர்கள் எழுதியது. ஒன்று மட்டும் அவரே கட்டியது, மில்லைப் பற்றி. நூல் பாட்டு என்று சொல்லிக்கொள்வோம். அதைப் பாடிய அன்றைக்கு தபேலாக்காரர் வாசிக்கவில்லை. “நான் வாசிச்சாக் கெட்டுப்போகும். நீ வெறுமனே பாடு தாயி” என்று துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு தபேலாக்காரர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பாடி முடித்ததும் ஃபேனைப் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் நூல் பாட்டை முதலில் வைத்து நாடாவை வரிசைப்படுத்தியிருந்தேன். அண்ணாச்சி பாட்டு வரிசையைக் கேட்டார், சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“கோவாவ எங்கடே?”

“அது பழைய கேசட்டுல இருக்கே அண்ணாச்சி.”

“ரெண்டு பக்கமும் முன்னால அத ஒட்டு. அது நிக்கட்டும், மத்தது பின்னால வரட்டும்.”

டீக்கடைக்குக்கூட அனுப்பவில்லை. ஓடுகிற பாட்டு கையில் இருக்கும்போது சோதனை எதற்கு என்று நினைத்திருப்பார். அட்டையிலும் பழைய படம்தான், ‘கோவா’ என்ற எழுத்துதான் பெரிதாக. ஒரு நிமிடம் எனக்கு மனசு உறுத்தியது. ஆனால் கை வேலையைப் பார்த்தது. கோவாப் பாட்டைக் காப்பி எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் முன்னால் ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷமும் பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கேசட் வெளியான வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரிந்த கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். வத்திராயிருப்புப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும் கவுண்டரில் நின்றார்கள். “கோவாக்காரி புதுசா பாடியிருக்காளாமே” என்று ஆசையாகத்தான் கேட்டார்கள். கடைக்காரர் ஒரு பக்கம் போட்டார். கோவாப் பாட்டு. திருப்பிப் போட்டார். கோவாப் பாட்டு.

“இது எங்க வீட்டுல இருக்கே” என்றார் அந்த அம்மா.

“புதுசும்மா, உள்ள வேற பாட்டு இருக்கு.”

“அட போங்க. அட்டையும் அதே, பாட்டும் அதே. யார ஏமாத்தப் பாக்கீக?”

போய்விட்டார்கள். நான் நின்ற அரை மணி நேரத்தில் மூன்று குடும்பம் இதே மாதிரி போனது. கடைக்காரர் என்னைப் பார்த்து, “ஏன்யா, பழைய சரக்கையே எங்க தலையில கட்டுறீக?” என்றார்.

நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். முன்னால் ஒட்டியதை எடுத்துவிடுவோம், வேறு அட்டை போடுவோம் என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “ஏலே, ஒனக்கு மெஷின் தெரியும். யாவாரம் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகிட்ட சரக்கு அம்புட்டுத்தான்” என்றார். நான் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஒரு நாள் வேலையை நிறுத்தி வைத்திருந்தாலாவது மனிதர் யோசித்திருப்பார். நான் மெஷினிடம் போய் உட்கார்ந்தேன்.

கேசட்டுகள் ஒன்று பாக்கியில்லாமல் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. எங்கள் தொழிலில் திரும்பி வந்ததைத் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. அடுத்து ஆடிப்பூரம் வந்தது. பக்திப் பாட்டு கேட்டார்கள். சண்முகத்தாய் பாடிய அத்தனை கேசட்டுகளின் மேலும் பக்திப் பாட்டைப் பதிந்தோம். ஸ்பூல் நாடா சென்னையிலிருந்து வர வேண்டும், தட்டுப்பாடு. அந்த எட்டுப் பாட்டு இருந்த ஸ்பூலும் அதே வாரத்தில் வேறொன்றுக்குப் போனது. பதியும் பொத்தானை அழுத்தியது இந்த விரல்தான்.

ஒரு மாதம் கழித்து சண்முகத்தாய் வந்தார். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணே, அந்த நூல் பாட்டு எனக்கு ஒண்ணாச்சும் எடுத்து வச்சிருக்கீகளா?”

இல்லை என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

இல்லை தாயி என்றேன். என்மேல் எரிந்து விழுந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “சரிண்ணே, வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் மேடையில் பாடாமல் இல்லை. வருடா வருடம் கூப்பிட்டார்கள். எல்லா ஊரிலும் கோவா, கோவா, கோவா. வேறு பாட்டு எடுத்தால் விசில் அடிப்பார்கள். ஒரு கட்டத்தில் போவதை நிறுத்திவிட்டார். மில்லில் முப்பது வருடம் இழை முடிந்து ஓய்வு பெற்றார். இதற்குப் பேர்தான் காணாமல் போவதாம். சரக்கு அம்புட்டுத்தான் என்று அன்றைக்கு முதலாளி சொன்னதை, இன்றைக்கு ஊர் பேர் தெரியாத ஒருவர் கை விரித்துச் சொல்கிறார். இரண்டு பேருமே இரண்டாவது பாட்டைக் கேட்க விடவில்லை, கேட்கவும் இல்லை.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விழாக் குழுவினர் சண்முகத்தாயைத் தேடி வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் சாயங்கால விழா, நம் ஊர்க் கலைஞர்களுக்கு மரியாதை. பொன்னாடை போர்த்துவோம், கோவாப் பாட்டைப் பாட வேண்டும் என்றார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மிக்சரில் நான் உட்கார வேண்டும். எனக்குக் காது சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “காது எதுக்குண்ணே? நீங்க இருந்தாப் போதும்” என்றார்.

அன்றைக்கு மண்டபத்தில் மைக் சோதிக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, நான் இன்னைக்கு நூல் பாட்டுதான் பாடப்போறேன்.”

“அவிய கோவால்ல கேட்டிருக்காக?”

“கேக்கட்டும். எனக்கு இனிமே எம்புட்டு மேடை வரப்போகுது? ஒரு தடவ, முழுசா, நாலு பேரு காதுல விழணும். பொறவு என்னமும் சொல்லிட்டுப் போகட்டும். நீங்க மைக்க மட்டும் அணைச்சுராதீக.”

நான் தலையை ஆட்டினேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் பயம் வந்தது. மிக்சரில் ஒரு பென் டிரைவைச் செருகி, பதிவு ஓடுகிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

விழாவை நடத்தியவர் நல்ல பையன், மரியாதையானவர். “ஒரே பாட்டில் உலகை வென்ற கோவா அம்மா!” என்று அறிவித்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். கோவாப் பாட்டின் இசையை நான் ஓடவிட வேண்டும். விடவில்லை. சண்முகத்தாய் மைக்கைப் பிடித்தார், தாளம் எதுவும் இல்லாமல் எடுத்தார்.

அறுந்த இழைய முடிஞ்சுபோட ஆயிரந்தரம் குனிஞ்சேன் – நான்
குனிஞ்ச நேரம் போன பகல யாரு முடிஞ்சு தருவா?

குரல் பழைய குரல் இல்லை. மேலே போகும் இடத்தில் கரகரத்தது. இரண்டாவது அடியிலேயே பின் வரிசையில் “கோவா! கோவா!” என்று ஆரம்பித்தார்கள். விழா நடத்துபவர் என்னிடம் ஓடி வந்தார்.

“சார், ட்ராக்கைப் போடுங்க. மைக்கைக் குறைங்க, அவங்க மறந்து வேற பாடுறாங்க.”

“மறக்கல. நெனப்பாத்தான் பாடுதாக.”

“சார், கூட்டம் எழுந்து போயிரும் சார்.”

“போகட்டும்.”

அவரே கையை நீட்டினார். நான் அந்த மைக்கின் பொத்தான்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். “தம்பி, இதத் தொட்டீகன்னா மொத்த லைனையும் பிடுங்கிட்டுப் போயிருவேன்” என்றேன். இந்த வார்த்தையை முப்பது வருடத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. பாவம், அதை வாங்கிக் கட்டிக்கொண்டது இந்தத் தம்பி. அவர் பின்வாங்கிவிட்டார்.

கூச்சல் அதிகமானபோது சண்முகத்தாய் பாட்டை நிறுத்தினார். கோபப்படவில்லை.

“அந்தப் பாட்டு உங்ககிட்டதான இருக்கு? ஒவ்வொருத்தர் போன்லயும் இருக்கு. போகும்போது கேட்டுக்கோங்க. இது யார்கிட்டயும் இல்ல. அதான் பாடுதேன்.”

விட்ட இடத்திலிருந்து எடுத்தார். கூட்டம் சொக்கிப்போய்விட்டது என்றெல்லாம் நான் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வரிசை எழுந்து போனது. மீதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த சில பெண்கள் மட்டும் முன்னால் குனிந்து கேட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் என்று அவர்கள் தலையிலிருந்த பஞ்சைப் பார்த்தாலே தெரிந்தது. முழுப் பாட்டும் பாடி முடித்தார். கும்பிட்டுவிட்டு இறங்கினார். பொன்னாடையை மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் விழாக்காரர்கள் வீடியோ போட்டார்கள். திறந்தேன். முதலில் கோவாப் பாட்டு! பழைய பாட்டை எடுத்து முன்னால் ஒட்டி, அதற்குப் பின்னால் நூல் பாட்டை வைத்திருக்கிறார்கள். கீழே பார்க்கிறேன், “இது பழசுதானே”, “இந்தம்மாவுக்கு இதை விட்டா வேற தெரியாது” என்று எழுதிவிட்டு ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். விழாவை நடத்திய தம்பியைப் போனில் பிடித்து, முன்னால் இருப்பதை எடுங்கள் என்றேன்.

“சார், அது இருந்தாத்தான் சார் பார்ப்பாங்க” என்றார்.

அண்ணாச்சியின் வெற்றிலை வாசனைகூட அடித்தது போலிருந்தது. நான் கத்தியதை இங்கே எழுதினால் அச்சில் வராது. இதுவரை அதை எடுக்கவில்லை.

வாட்ஸப்பில் கேட்டவருக்கு என் பதில் இதுதான். அவர் இரண்டாவது பாட்டுப் பாடினார். இரண்டு தடவை பாடினார். இரண்டு தடவையும் முன்னால் வேறொன்றை ஒட்டிவிட்டோம். முதல் தடவை ஒட்டியவன் நான்.

அந்தத் தம்பியிடம் கத்திய மறுநாள் பென் டிரைவையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டி பஸ் ஏறினேன். சண்முகத்தாய் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வீடியோவை அவரும் பார்த்திருந்தார். நான் ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“எனக்குன்னு எடுத்து வச்சிருந்தீகளாண்ணே?”

“ஆமா தாயி.”

“முன்னால ஒண்ணும் ஒட்டலையே?”

“ஒண்ணும் ஒட்டல. நீ மூச்சு இழுக்கியே, அதுலருந்து இருக்கு. அதையும் வெட்டல.”

அவர் வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, “சத்தமா வைங்கண்ணே” என்றார்.